வீட்டு வைஃபையில் தெரியாத கருவிகள் ஏறியிருக்கின்றன, எப்படிப் பூட்டுவது?

உவர்மலை வாசி:

வணக்கம் உறவுகளே. மாதம் பாதி தாண்டுவதற்குள் டேட்டா முடிந்துவிட்டது என்று போனுக்கு மெசேஜ் வருகிறது. முன்பெல்லாம் இதே பக்கேஜ் மாதக் கடைசி வரை தாராளமாகக் காணும். வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். மகள் ஏ.எல். படிக்கிறாள், அவளுக்குப் பாதி வகுப்பு இணையத்தில்தான்.

ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த 192.168.1.1 என்ற முகவரியை அடித்து உள்ளே போய்ப் பார்த்தேன். இணைந்திருக்கும் கருவிகள் என்று பதினொன்று காட்டுகிறது. எங்களுடையவை என்று எனக்குத் தெரிந்தவை ஆறு. மற்றவற்றுக்குப் பெயரே இல்லை, எண்ணும் எழுத்தும் கலந்து ஏதோ கிடக்கிறது.

இணைப்புக் கொடுக்க வந்தவர் வீட்டுத் தொலைபேசி எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டு, "மறக்கமாட்டீங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அதுதான். மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கும், கமரா பூட்ட வந்த பெடியனுக்கும் கொடுத்திருக்கிறோம். யாரோ ஹேக் பண்ணுகிறார்கள் என்று மகன் அடித்துச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

மூன்றாம் கட்டை:

லேசான வேலை அண்ணை. முதலில் வைஃபையின் பெயரை மறைத்துவிடுங்கள், செட்டிங்கில் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் யார் ஏறுவது? அடுத்தது மேக் ஃபில்டர். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கருவிகளின் மேக் முகவரிகளை மட்டும் பதிந்துவிட்டால் வேறெதுவும் உள்ளே வராது. என் வீட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான். பாஸ்வேர்டைப் பற்றி யோசித்ததே இல்லை.

கம்பியில்லாத் தம்பி:

மூன்றாம் கட்டை அண்ணா கோபிக்கக் கூடாது. அந்த இரண்டையும் செய்தால் தொல்லைப்படப் போவது வீட்டுக்காரர்தான், வெளியாள் இல்லை.

பெயரை மறைத்தாலும் ரவுட்டர் தொடர்ந்து அலைபரப்பிக்கொண்டுதான் இருக்கும், பெயர் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாகப் போகும். வீட்டிலுள்ள ஒரு போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் திறந்தபடி வரும். இலவச மென்பொருள் ஒன்றை வைத்துக் காத்திருப்பவருக்குச் சில நிமிடத்தில் கிடைத்துவிடும். இதில் இன்னொரு கூத்து, மறைத்த நெட்வேர்க்கைச் சேமித்து வைத்திருக்கும் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தேடும். வீட்டில் மறைத்த பெயரை பஸ் நிலையத்தில் ஏலம் போட்ட மாதிரி.

மேக் முகவரியும் அப்படித்தான். வைஃபையில் தகவலைத்தான் மறையாக்குகிறார்கள், உறையின் மேலிருக்கும் மேக் முகவரியை இல்லை. அதைப் பார்த்துத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்வது பெரிய வித்தையே அல்ல. அதோடு 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10, அடுத்த வருஷம் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை வெளியே காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உண்டாக்கிக் கொடுக்கின்றன. போனை ரீசெட் செய்தால் அது மாறிவிடும், பிறகு உங்கள் சொந்தப் பிள்ளையே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

உவர்மலை ஐயா, இது உங்கள் பட்டியலுக்கும் பொருந்தும். அந்த ஐந்தில் சில உங்கள் வீட்டுப் போன்களாகவே இருக்கலாம். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E என்பவற்றில் ஒன்றாக இருந்தால் அனேகமாக அது பொய் முகவரி, அதாவது ஒரு போனோ மடிக்கணினியோ. சில ரவுட்டர்கள் நேற்று வந்துபோன கருவியையும் இன்றைய பட்டியலில் வைத்திருக்கும். அதனால் எண்ணிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் வைஃபையை அணைத்து, டிவியையும் கமராவையும் கழற்றிவிட்டு, ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடுங்கள். அதற்குப் பிறகும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நிற்பவர்தான் விருந்தாளி.

உவர்மலை வாசி:

நன்றி தம்பி. செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் தொலைபேசி எண் பாஸ்வேர்டாக இருப்பதில் என்ன குறை? பத்து இலக்கம் இருக்கிறதே. எட்டு எழுத்துக்கு மேல் இருந்தால் போதும் என்றுதானே சொல்கிறார்கள்.

கம்பியில்லாத் தம்பி:

நீளம் பத்துதான், ஆனால் ஊகிக்க வேண்டியது பத்து இல்லை ஐயா. திருகோணமலை என்றால் 026. பழைய கம்பி இணைப்புகளில் அடுத்தது பெரும்பாலும் 2. மிச்சம் ஆறு இலக்கம், அதாவது பத்து இலட்சம் வாய்ப்புகள். கைத்தொலைபேசி எண் என்றால் 07 க்குப் பிறகு எட்டு இலக்கம். மிஞ்சிப்போனால் பத்துக் கோடி.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை மறையாக்க முறையில் ஒரு போன் ரவுட்டரோடு இணையும்போது நான்கு செய்திகள் பரிமாறப்படும். ஒழுங்கையில் நின்று அதைப் பதிவு செய்துகொண்டு போனால் போதும். மிச்ச வேலையை வீட்டில் இருந்து செய்யலாம். உங்கள் ரவுட்டருக்கு ஒன்றுமே தெரியாது, எந்தப் பதிவிலும் இருக்காது. ஒவ்வொரு ஊகத்தையும் சரிபார்க்க 4096 தடவை ஒரு கணக்கைச் சுற்ற வேண்டும் என்று வேண்டுமென்றே கடினமாக்கி வைத்திருக்கிறார்கள்தான். இருந்தும், பெடியள் கேம் விளையாட வாங்கும் கிராபிக்ஸ் கார்ட் வினாடிக்குச் சில இலட்சம் ஊகங்களைப் பார்த்து முடிக்கும். உங்கள் வீட்டு எண் சில வினாடிகள். கைத்தொலைபேசி எண் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்.

அடையாள அட்டை எண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதில் 500 கூடும். உங்கள் வயது தெரிந்தவருக்கு அதில் ஊகிக்க மிச்சம் அதிகம் இல்லை.

கிண்ணியா சகோ:

ஸலாம். நல்ல விளக்கம். ஆனால் இவ்வளவு மினக்கெட்டு உவர்மலையில் ஒரு வீட்டு வைஃபையை யார் உடைக்கப் போகிறார்? நான் பார்த்தவரை எல்லாம் வாய்வழி போனதுதான். நம் பிள்ளை தன் கூட்டாளிக்குச் சொல்லும், கூட்டாளி தன் தம்பிக்குச் சொல்லும். இப்போது கேட்கவே தேவையில்லை, போன் செட்டிங்கில் க்யூஆர் படம் வருகிறது, ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. இன்னும் சில செயலிகள் இருக்கின்றன. "இலவச வைஃபை தேடித் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு, பாவிப்பவர் போனில் உள்ள பாஸ்வேர்டுகளை வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த ஒரு மச்சானின் போனில் அது இருந்தால் சரி, கதை முடிந்தது.

கம்பியில்லாத் தம்பி:

நூற்றுக்கு நூறு உண்மை காக்கா. பத்து வீட்டில் ஒன்பதில் அதுதான். ஆனால் வாய்வழி போனாலும் உடைத்து எடுத்தாலும் மருந்து ஒன்றுதான், பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றும்போது சரியானதைப் போட்டுவிட்டால் இரண்டு கவலையும் தீரும்.

என் சிபாரிசு: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். நண்டு, குடை, லாந்தர், முருங்கை, சைக்கிள் என்ற மாதிரி. (இதையே போட்டுவிடாதீர்கள், இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.) தேவாரத்திலோ திருக்குறளிலோ வரும் வரி வேண்டாம், அது சொற்றொடராக எங்கோ பட்டியலில் இருக்கும். ழகரம் வரும் சொல்லைத் தவிர்த்தால் நல்லது, அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் நான்கு பேரும் நான்கு விதமாக அடித்துவிட்டு "வைஃபை வேலை செய்யுதில்லை" என்று உங்களிடம்தான் வருவார்கள்.

அலஸ்தோட்டம் ஆசிரியர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு மாற்றுக் கருத்துச் சொல்லலாமா?

2020 இல் பாடசாலைகளை மூடியபோது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் என் வீட்டு விறாந்தையில் இருந்துதான் சூம் வகுப்புப் படித்தார்கள். எல்லா வீட்டிலும் இணைப்பு எடுக்க வசதி இல்லை. அன்று கொடுத்த பாஸ்வேர்டை இன்றும் அவர்கள் வைத்திருக்கிறார்கள், நான் மாற்றவும் இல்லை, மாற்ற விருப்பமும் இல்லை. அதில் ஒரு பிள்ளை இப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. கிணற்றுத் தண்ணீரை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து வளர்ந்த ஊரில், வைஃபைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பூட்டும் திறப்பும்?

உப்புவெளி விடுதிக்காரி:

சேர் சொல்வதை மறுக்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் சிறிய விடுதி நடத்துகிறோம். மே முதல் செப்டெம்பர் வரை சீசன், வாரத்துக்கு வாரம் புது ஆட்கள். பாஸ்வேர்டை சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தோம். ஒரு விருந்தினர் காலைச் சாப்பாட்டைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், பின்னால் பலகை பளிச்சென்று தெரிகிறது. அறைகளுக்கு எழுதும் கணினியும் அதே வைஃபையில்தான் இருந்தது. ஒரு நாள் அறையில் தங்கியிருந்தவர் ஒருவர் தானே வந்து, "உங்கள் கணினியில் ஒரு போல்டர் எனக்குத் திறக்கிறது, கடவுச்சீட்டுப் பிரதி எல்லாம் தெரிகிறது" என்றார். நல்ல மனிசன், சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிட்டோம். எங்கள் வேலைக் கணினி இருக்கும் பக்கத்துக்கு அவர்களால் வர முடியாது. மாதம் ஒருமுறை பாஸ்வேர்ட் மாறும். பலகையை எடுத்துவிட்டு அறைத் திறப்போடு ஒரு துண்டு கொடுக்கிறோம்.

கம்பியில்லாத் தம்பி:

அக்கா சொன்னதுதான் சேருக்கும் வழி. கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது நீங்கள் கொடுத்திருப்பது தண்ணீரை மட்டும் இல்லை, வீட்டு முன்கதவுத் திறப்பையும். உங்கள் மெயின் வைஃபைக்குள் இருப்பவருக்கு பிரிண்டர், கமரா, பகிர்ந்த போல்டர் எல்லாம் தெரியும். ரவுட்டரின் உள்பக்கமும் திறக்கும், அங்கே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் அட்மின், அட்மின் என்றுதானே இருக்கும்? டபிள்யூபிஏ2 வில் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், உங்கள் போன் இணையும் நேரத்தைப் பதிவு செய்துகொண்டால் அந்தப் போனின் போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். வங்கி, மின்னஞ்சல் போன்றவை எச்டிடிபிஎஸ் என்ற இன்னொரு உறைக்குள் போவதால் அவை தப்பும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தப்பாது.

இன்றைய ரவுட்டர்கள் நிறையவற்றில் கெஸ்ட் நெட்வேர்க் இருக்கிறது. அதை ஒழுங்கைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். சிலவற்றில் வேகத்துக்கு எல்லை போடலாம், இரவு பத்துக்குப் பிறகு தானாக நிற்கவும் வைக்கலாம்.

அலஸ்தோட்டம் ஆசிரியர்:

அது நியாயம். செய்கிறேன். ஆனால் இரவு பத்துக்கு நிறுத்தமாட்டேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பத்து மணிக்குப் பிறகுதான் படிக்கும்.

மூன்றாம் கட்டை:

சரி, என் இரண்டு வழியும் போச்சு. அப்படியென்றால் அந்த டபிள்யூபிஎஸ் பொத்தான்? அதை அமத்தினால் பாஸ்வேர்டே இல்லாமல் ஏறுகிறதே, அது பாதுகாப்பா?

கம்பியில்லாத் தம்பி:

நல்ல இடத்தில் கேட்டீர்கள். பொத்தான் அல்ல பிரச்சினை, அதோடு சேர்ந்து வரும் எட்டு இலக்கப் பின் (PIN) எண். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி என்று நினைப்போம். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, எனவே அது கணக்கில் இல்லை. மிச்ச ஏழையும் ரவுட்டர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது, முதல் நான்கு சரியா பிழையா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. அப்போது பார்க்க வேண்டியது பத்தாயிரம், பிறகு ஓர் ஆயிரம். மொத்தம் 11,000. இதை 2011 கடைசியில் ஸ்டெஃபான் ஃபீபொக் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். சில மணி நேரத்தில் முடிகிற வேலை, முடிந்ததும் ரவுட்டர் உங்கள் பாஸ்வேர்டையே எடுத்துக் கொடுத்துவிடும். ஐம்பது எழுத்தில் போட்டிருந்தாலும் கொடுக்கும். பல தவறுக்குப் பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரவுட்டர்கள் பின்னர் வந்தன, ஆனாலும் டபிள்யூபிஎஸ்ஸை முழுதாக அணைத்துவிடுவதுதான் என் பழக்கம். வீடு வீடாகப் போகும்போது நான் முதலில் கை வைப்பது அதில்தான்.

அதே பக்கத்தில் மறையாக்க முறையையும் பாருங்கள். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001 இலேயே உடைந்தது, அந்த ரவுட்டரைத் தூக்கிப் போடலாம். டிகேஐபி என்பதும் வேண்டாம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்றிருந்தால் நல்ல பாஸ்வேர்டோடு போதுமானது. 2018 இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. நான் மேலே சொன்ன, பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் இருந்து ஊகிக்கும் வேலை அதில் நடக்காது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடம் நேரே வந்து கேட்க வேண்டும்.

கிண்ணியா சகோ:

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் பற்றி ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். வெளியில் இருந்தும் அதைத் தொட முடியுமா?

கம்பியில்லாத் தம்பி:

ரிமோட் மேனேஜ்மென்ட், அதாவது வெளியில் இருந்து ரவுட்டரை இயக்கும் வசதி, திறந்திருந்தால் முடியும். நீங்கள் முன்பு கேட்டீர்கள், உவர்மலை வீட்டை யார் தேடி வருவார் என்று. மனிதர் வரமாட்டார், மென்பொருள் வரும். அதற்கு உவர்மலையும் ஒன்றுதான், உருகுவேயும் ஒன்றுதான். 2016 இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் கண்ணில் பட்ட கமரா, ரவுட்டர் எல்லாவற்றின் கதவையும் தட்டியது. கையில் இருந்தது அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் மட்டுமே. அதை வைத்துப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த ஒக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றை அமெரிக்காவில் மணிக்கணக்கில் திணறடித்தார்கள். கருவிச் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது, இணையம் கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருப்பார்.

வேறொரு வகையும் உண்டு. எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று ரவுட்டர் கேட்டறியும் இடம்தான் டிஎன்எஸ். உள்ளே வந்தவர் அந்த டிஎன்எஸ் முகவரியை மட்டும் மாற்றிவிட்டுப் போவார். பிறகு நீங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அவர் காட்டும் இடத்துக்குப் போகும். எல்லாம் வழமைபோல வேலை செய்வதால் மாதக்கணக்கில் தெரியாது. எனவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. ரிமோட் மேனேஜ்மென்ட், யூபிஎன்பி (கருவிகள் கேட்டவுடன் ரவுட்டர் தானாக வெளிவாசல் திறந்துவிடும் வசதி) இரண்டையும் அணையுங்கள். ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், அதற்குப் புதுப்பிப்பு வந்தால் போடுங்கள். கம்பனி கொடுத்த பெட்டியில் சில பக்கங்கள் பூட்டியிருக்கும், வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டால் அங்கிருந்தே செய்து தரச் சொல்லலாம்.

உப்புவெளி விடுதிக்காரி:

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் போவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் உங்கள் இணைப்பில் இருந்து யாராவது ஏதாவது செய்தால் முதலில் விசாரிக்க வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். விடுதி வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உவர்மலை வாசி:

தம்பி சொன்னபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தோம். ஐந்தில் ஒன்று மகளின் போன், ஒன்று டிவிப் பெட்டி, ஒன்று மனைவியின் பழைய டேப், அலுமாரிக்குள் சார்ஜில் கிடந்தது. மிச்சம் இரண்டு நின்றன.

விசாரித்ததில், மேல்வீட்டில் இருந்தவர்கள் இப்போது இரண்டு மதில் தள்ளித்தான் இருக்கிறார்கள். வீடு மாறினாலும் எங்கள் சிக்னல் அவர்கள் முன் அறைக்கு எட்டுகிறது, போன்கள் பழைய பழக்கத்தில் தானாக ஏறிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கே தெரியாது. அந்தப் பிள்ளை வந்து மன்னிப்புக் கேட்டது, எங்களுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. ஹேக்கர் இல்லை என்பதில் மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பாஸ்வேர்ட் இரண்டும் மாற்றியாயிற்று, டபிள்யூபிஎஸ் அணைத்தாயிற்று. ஆனால் டேட்டா குறைவது முற்றாக நிற்கவில்லை. ரவுட்டரில் கருவி வாரியாகக் கணக்குப் பார்த்தால் பெரிய தின்னி எங்கள் டிவிதான், யூடியூபை உயர்ந்த தரத்தில் வைத்துவிட்டு நித்திரையாகிவிடுகிறோம். அடுத்தது மகனின் போன், எடுக்கிற காணொளி எல்லாம் கிளவுட்டுக்கு ஏறுகிறது.

கிண்ணியா சகோ:

டிவியில் தரத்தை 720 க்கு இறக்குங்கள், தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள். கிளவுட் ஏற்றத்தை இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

நானும் நேற்று டபிள்யூபிஏ3 போட்டேன். வாப்பாவின் பழைய போன் ஏறவே மாட்டேன் என்கிறது, பிரிண்டரும் அப்படியே.

கம்பியில்லாத் தம்பி:

டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள் காக்கா. அதிலும் பழசு முரண்டு பிடித்தால் மெயினில் டபிள்யூபிஏ3, கெஸ்ட்டில் டபிள்யூபிஏ2 என்று வைத்துப் பழைய போனைக் கெஸ்ட் பக்கம் விடுங்கள். பிரிண்டரை யூஎஸ்பி கம்பியில் கொடுத்துவிடலாம்.

உவர்மலை வாசி:

கடைசியாக ஒன்று. கமராவையும் கெஸ்ட் பக்கம் மாற்றினால் நல்லது என்று மகன் எங்கேயோ வாசித்திருக்கிறான். மாற்றினேன், வாசல் கமரா போனில் வருகிறது, பின்வளவுக் கமரா இரண்டும் வரவில்லை.

கம்பியில்லாத் தம்பி:

வாசல் கமரா கிளவுட் வழியாக வருவது, அதற்கு இணையம் கிடைத்தால் போதும், கெஸ்ட்டிலேயே இருக்கட்டும். பின்வளவுக் கமராக்கள் வீட்டுக்குள் இருக்கும் ரெக்கோடரைத் தேடுகின்றன, கெஸ்ட்டில் இருந்து அதை எட்ட முடியாது. அவற்றை மெயினுக்கே திருப்பிவிட்டு, ரெக்கோடரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள் ஐயா. பூட்டின பெடியன் அதையும் 123456 என்றுதான் விட்டிருப்பான்.